புத்தகத்தைத் திறக்கும் முன்பே அது உங்களுக்கு உதவுமா என்று தெரியுமா? நூலக கேட்டலாக்கை வாசிப்பது எப்படி - நாஞ்சில் நாட்டு உதாரணங்களுடன்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு இளைஞர் புதிதாகத் தேனீ வளர்க்க முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நேராக ஊர் நூலகத்துக்குப் போகிறார்.

"சார், தேனீ வளர்ப்பு பத்தி புக்கு ஏதாவது இருக்கா?"

"உள்ள ரெண்டாவது ரேக்குல பாரு தம்பி, நாலஞ்சு இருக்கும்."

அட்டை நன்றாக இருப்பதை எடுத்து வருகிறார். ஆனால் அது 1985-ல் அச்சானது. அதை நம்பிப் பத்துப் பெட்டி வைக்கிறார். கொஞ்ச நாளில் புழுக்கள் பெட்டிக்குள்ளேயே செத்துக் கிடக்கின்றன. என்ன நோய் என்று புத்தகத்தைப் புரட்டினால், அதில் ஒரு வரிகூட இல்லை.

இருக்கவும் முடியாது. இந்தியத் தேனீக்களைத் தாக்கும் 'தாய் சாக்புரூட்' என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பெரிய அளவில் பரவியது 1990-களின் தொடக்கத்தில்தான். 1985-ல் எழுதியவருக்கு அந்த அனுபவமே கிடையாது. புத்தகம் தப்பில்லை, அதன் காலம்தான் வேறு.

புத்தகத்தை எடுக்கும் முன்பே இதைச் சொல்லக்கூடிய ஒன்று நூலகத்தில் இருக்கிறது. அதுதான் கேட்டலாக் என்ற நூற்பட்டியல். நம்மில் பலர் அதை 'புத்தகம் இருக்கா, இல்லையா' என்று பார்க்க மட்டுமே பயன்படுத்துகிறோம். அதில் இன்னும் என்னென்ன இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

கேட்டலாக் என்றால் என்ன?

மருந்துப் பட்டையின் பின்பக்கத்தில் என்ன மருந்து, எவ்வளவு அளவு, எப்போது காலாவதி என்று இருக்கும் அல்லவா? புத்தகத்துக்கு அந்த வேலையைச் செய்வது கேட்டலாக் பதிவு. நூலகத்தில் உள்ள ஒவ்வொரு புத்தகத்துக்கும் இப்படி ஒரு பதிவு இருக்க வேண்டும்.

முன்பெல்லாம் இது சின்னச் சின்ன அட்டைகளாக, மர இழுப்பறைப் பெட்டிகளில் அடுக்கப்பட்டிருக்கும். இப்போது பல நூலகங்களில் அது கணினிக்கு மாறிவிட்டது. அதை 'ஓபேக்' என்பார்கள். கம்ப்யூட்டரிலோ மொபைலிலோ வாசகரே தேடக்கூடிய பட்டியல் இது.

தமிழில் இது இன்று நேற்று வந்த விஷயமல்ல. அச்சான தமிழ்ப் புத்தகங்களை விஷயவாரியாகப் பிரித்து, ஜான் மர்டாக் என்பவர் 1865-லேயே சென்னையில் ஒரு பட்டியல் வெளியிட்டார். பிறகு இந்தியாவில் நூலகத் துறைக்கு அடித்தளம் போட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, 'வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து' என்பது. கேட்டலாக்கின் வேலையை ஒரே வரியில் சொல்வதென்றால் இதுதான்.

ஒரு பதிவில் என்னென்ன இருக்கும்?

நூலகத்துக்கு நூலகம் கொஞ்சம் மாறலாம். ஆனால் பொதுவாக இவை இருக்கும்:

* ஆசிரியர் பெயர்: எழுதியவர் யார், தொகுத்தவரா, மொழிபெயர்த்தவரா என்று தெரியும்.
* தலைப்பும் துணைத் தலைப்பும்: 'ஓர் அறிமுகம்', 'கையேடு', 'ஆய்வு' போன்ற சின்னச் சொற்கள் இங்கே இருக்கும். புத்தகம் தொடக்க நிலையில் உள்ளவருக்கா, ஆய்வாளருக்கா என்பதை இவையே சொல்லிவிடும்.
* பதிப்பு: முதல் பதிப்பா, திருத்திய பதிப்பா, வெறும் மறு அச்சா?
* ஆண்டு: எந்த வருஷம் வெளியானது?
* பதிப்பகம்: யார் வெளியிட்டது? பல்கலைக்கழகமா, தனியார் பதிப்பகமா, அரசுத் துறையா?
* பக்கங்கள்: 64 பக்கமா, 640 பக்கமா? படங்கள், வரைபடம், பின்னிணைப்பு உண்டா?
* பொருள் தலைப்பு: புத்தகம் எதைப் பற்றியது என்று நூலகர் கொடுத்த சொற்கள்.
* ஐ.எஸ்.பி.என்.: புத்தகத்தின் அடையாள எண். 2007 முதல் இது 13 இலக்கம்.
* வகைப்பாட்டு எண்: எந்த அலமாரியில், எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் காட்டும் எண்.

இதில் பெரும்பாலானோர் பார்ப்பது முதல் இரண்டை மட்டும்தான். ஆனால் உங்கள் தேவைக்குப் புத்தகம் பொருந்துமா என்பதை முடிவு செய்வது மற்றவைதான்.

ஆண்டு ஏன் அவ்வளவு முக்கியம்?

கதை, கவிதைக்கு ஆண்டு பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் சட்டம், விவசாயம், மருத்துவம், போட்டித் தேர்வு என்று வரும்போது ஆண்டுதான் முதல் கேள்வி.

சட்டம்: 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. ஊரெல்லாம் தெரிந்த '420' பிரிவு இப்போது 318-க்குள் போய்விட்டது. 2022-ல் அச்சான சட்டப் புத்தகம் பழைய வழக்குகளைப் புரிந்துகொள்ள உதவும். இன்றைக்கு நடக்கும் ஒரு சம்பவத்துக்கு எந்தப் பிரிவு என்று பார்க்க உதவாது.

போட்டித் தேர்வு: 2018-ல் வந்த பொது அறிவுப் புத்தகத்தில் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்றுதான் இருக்கும். நமக்குப் பக்கத்தில் உள்ள தென்காசி தனி மாவட்டம் ஆனதே 2019-ல். மயிலாடுதுறையும் சேர்ந்து 38 ஆனது 2020-ல். ஒரு மார்க்கில் வேலை போகிற தேர்வில் இது சின்ன விஷயமா?

ரப்பர்: குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ரப்பர் முக்கியப் பயிர். ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற ரகம் 1980-ல் வெளியானது. 414, 430 போன்ற ரகங்கள் 2000-களில்தான் வந்தன. 1990-ல் எழுதிய கையேட்டில் இவற்றைத் தேடினால் கிடைக்காது. பால் வெட்டும் முறையின் அடிப்படைகளை வேண்டுமானால் அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'பத்தாம் பதிப்பு - 2023' என்று இருந்தால் உடனே புதுசு என்று நம்பிவிடக் கூடாது. தமிழில் பல சமயம் பழையதை அப்படியே மறுபடி அச்சடித்ததையும் 'பதிப்பு' என்றே போடுவார்கள். 'திருத்திய பதிப்பு', 'விரிவாக்கிய பதிப்பு' என்று இருந்தால்தான் உள்ளே மாற்றம் நடந்திருக்கிறது என்று அர்த்தம். பதிவில் தெளிவாக இல்லையென்றால், முதல் பதிப்பு எந்த வருஷம் என்று புத்தகத்தின் தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் பாருங்கள்.

பொருள் தலைப்பு: எந்தத் தேனீ?

மறுபடி நம்ம தேனீக்காரரிடம் வருவோம். அவர் பார்க்க வேண்டியது ஆண்டு மட்டுமல்ல.

மார்த்தாண்டம் பகுதியில் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப்புற மையம் மூலமாகப் பெட்டித் தேனீ வளர்ப்பு பரவியது. இங்கே பெட்டிகளில் வளர்த்தது பெரும்பாலும் இந்தியத் தேனீ. வட இந்தியாவில் பெரிய அளவில் வளர்ப்பது இத்தாலியத் தேனீ. இரண்டுக்கும் பெட்டி அளவே வேறு. இத்தாலியத் தேனீக்குப் பெரிய பெட்டி வேண்டும்.

தலைப்பில் 'தேனீ வளர்ப்பு' என்று மட்டும் இருந்தால் எந்தத் தேனீ என்று தெரியாது. பொருள் தலைப்பிலோ உள்ளடக்கக் குறிப்பிலோ 'இந்தியத் தேனீ', 'இத்தாலியத் தேனீ' என்று ஒரு சொல் இருந்தால் போதும். தவறான பெட்டிக்குப் பணம் போடுவதைத் தவிர்க்கலாம்.

'அந்த புக்கு இல்ல' - உண்மையிலேயே இல்லையா?

பலர் ஏமாறும் இடம் இதுதான். பெயரை டைப் செய்கிறோம். 'முடிவுகள் இல்லை' என்று வருகிறது. திரும்பிவிடுகிறோம். ஆனால் புத்தகம் பத்தடி தூரத்தில் அலமாரியிலேயே இருக்கும். காரணம், நாம் தேடிய பெயரும் பதிவு செய்த பெயரும் வேறு வேறு.

நாஞ்சில் நாட்டு எழுத்தாளர்களையே எடுத்துக்கொள்வோம்.

ஒரே ஆள், இரண்டு பெயர்: நாகர்கோவில் எழுத்தாளர் சுந்தர ராமசாமி நாவல், சிறுகதைகளைத் தன் பெயரில் எழுதினார். கவிதைகளை எழுதியது 'பசுவய்யா' என்ற பெயரில். சுந்தர ராமசாமி என்று மட்டும் தேடினால், 'பசுவய்யா' பெயரில் பதிவான கவிதைத் தொகுப்பு கண்ணில் படாமலே போகலாம். நல்ல கேட்டலாக்கில் 'பசுவய்யா - காண்க: சுந்தர ராமசாமி' என்று ஒரு வழிகாட்டி இருக்கும். நாஞ்சில் நாடனின் இயற்பெயர் சுப்பிரமணியம். ஆனால் அவருக்குப் புனைபெயரில்தான் தேட வேண்டும்.

ஒரே பெயர், பல எழுத்து: 'புத்தம் வீடு' நாவலை எழுதியவர் ஹெப்சிபா ஜேசுதாசன். இவர் பெயரை 'ஹெப்ஸிபா' என்றும் எழுதுவார்கள். 'சாய்வு நாற்காலி'க்காக 1997-ல் சாகித்ய அகாடமி விருது பெற்ற தேங்காய்ப்பட்டணம் எழுத்தாளர் தோப்பில் முஹம்மது மீரான். இவர் பெயர் முகமது, முகம்மது, முஹம்மது என்று மூன்று விதமாக வரும். கம்ப்யூட்டருக்கு இந்த மூன்றும் மூன்று வேறு ஆட்கள்!

இடைவெளி: கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் நூல் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்'. சில இடங்களில் 'மருமக்கள் வழி' என்று பிரித்து இருக்கும். சில இடங்களில் சேர்த்து இருக்கும். சிலவற்றில் முன்னால் 'நாஞ்சில் நாட்டு' இருக்காது. முழுத் தலைப்பையும் அடித்தால் சிக்காது. 'மான்மியம்' என்று ஒரே சொல்லை மட்டும் போட்டுப் பாருங்கள், வந்துவிடும்.

ஆங்கில எழுத்து: சில நூலகங்களில் தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் ஏற்றியிருப்பார்கள். 'கதை' என்ற சொல்லையே ஒருத்தர் 'கே'யில் ஆரம்பித்து 'டி எச்' போடுவார். இன்னொருத்தர் 'டி'க்குப் பதில் வேறு 'டி' போடுவார். அப்போது தலைப்பில் குழப்பமே இல்லாத ஒரு சொல்லையோ ஆசிரியர் பெயரின் ஒரு பகுதியையோ வைத்துத் தேடுவது நல்லது.

ஊர் பெயரும் மாறும்

குமரி மாவட்ட வரலாற்றைத் தேடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு.

இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1-ல். அதற்கு முன்பு இது திருவிதாங்கூரின் பகுதி. 1954-ல் மறைந்த கவிமணி வாழ்ந்த காலம் முழுவதும் 'கன்னியாகுமரி மாவட்டம்' என்ற ஒன்றே தமிழ்நாட்டில் கிடையாது. அப்படியானால் அந்தக் காலப் புத்தகங்களில் அந்தப் பெயர் எப்படி இருக்கும்?

எனவே 'கன்னியாகுமரி மாவட்டம்' என்று மட்டும் தேடினால் 1956-க்குப் பிந்தியவைதான் பெரும்பாலும் வரும். அதற்கு முந்தியவை வேண்டுமென்றால் இப்படித் தேடிப் பாருங்கள்:

* திருவிதாங்கூர், தென் திருவிதாங்கூர்
* நாஞ்சில் நாடு (இது தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதி மட்டும்)
* வேணாடு (பழைய வரலாற்றுக்கு)
* கல்குளம், விளவங்கோடு (மேற்குப் பகுதிக்கு)
* ஆங்கிலப் புத்தகங்களுக்கு 'டிராவன்கூர்', 'கேப் கொமரின்'

வி. நாகம் அய்யா 1906-லும் டி.கே. வேலுப்பிள்ளை 1940-லும் தொகுத்த திருவிதாங்கூர் அரசுக் கையேடுகளில் நம் ஊர்களைப் பற்றிய தகவல்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றின் தலைப்பில் 'கன்னியாகுமரி' கிடையாது. குடும்பச் சொத்து வரலாறு, குளங்களின் வரலாறு, கோயில் வரலாறு என்று தேடும் மாணவர்கள் இதனாலேயே முக்கியமான நூல்களைத் தவறவிடுகிறார்கள்.

முதுகில் ஒட்டிய எண் என்ன சொல்கிறது?

புத்தகத்தின் முதுகில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கும். அதில் உள்ள எண் சும்மா வரிசை எண் அல்ல. அது விஷயத்தைக் குறிக்கும் எண்.

உலகில் அதிகம் பயன்படுவது 1876-ல் மெல்வில் டூயி உருவாக்கிய தசம முறை. அதன்படி:

* 638.1 - தேனீ வளர்ப்பு
* 633.8952 - ரப்பர் சாகுபடி
* 894.811 - தமிழ் இலக்கியம்
* 954.82 - தமிழ்நாட்டு வரலாறு
* 954.83 - கேரள வரலாறு

கடைசி இரண்டைக் கவனித்தீர்களா? 1956-க்கு முந்தைய குமரி வரலாறு திருவிதாங்கூர் என்பதால் கேரள எண்ணில் போய் உட்கார்ந்திருக்கலாம். பிந்தியது தமிழ்நாட்டு எண்ணில் இருக்கும். ஒரே மண்ணின் கதை இரண்டு எண்ணில் பிரிந்து கிடக்கிறது! இரண்டு இடத்தையும் பார்த்தால்தான் முழுப் படம் கிடைக்கும்.

கே.கே. பிள்ளை சுசீந்திரம் கோயிலைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலும் அப்படித்தான். அதை வரலாற்றிலும் வைக்கலாம், சமயத்திலும் வைக்கலாம், கட்டடக் கலையிலும் வைக்கலாம். அலமாரியில் ஒரு புத்தகத்துக்கு ஒரே இடம்தான். ஆனால் கேட்டலாக்கில் மூன்று பொருள் தலைப்பும் கொடுக்க முடியும். அலமாரியை மட்டும் சுற்றிப் பார்ப்பவருக்குக் கிடைக்காதது பட்டியலைப் பார்ப்பவருக்குக் கிடைப்பது இதனால்தான்.

சில நூலகங்களில் ரங்கநாதன் 1933-ல் உருவாக்கிய கோலன் முறை இருக்கும். அதில் எழுத்தும் எண்ணும் கலந்து வரும். உங்கள் நூலகத்தில் எந்த முறை என்று நூலகரிடம் ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு டிப்ஸ்: உங்களுக்கு உதவிய ஒரு நல்ல புத்தகம் கிடைத்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே எண்ணுக்கு இரண்டு பக்கமும் இருப்பவை அதே விஷயத்தைப் பற்றியவை.

கேட்டலாக் சொல்லாதது என்ன?

புத்தகம் நல்லதா, கெட்டதா என்று கேட்டலாக் சொல்லாது. அது விமர்சனம் அல்ல. நடை எளிமையா, ஆசிரியர் சொல்வது சரியா என்பதையும் அது சொல்லாது.

அதனால் பட்டியலை வைத்து இருபதை மூன்றாகக் குறையுங்கள். அந்த மூன்றையும் கையில் எடுத்து பொருளடக்கத்தைப் பாருங்கள். உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை அதில் எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு பக்கம் படியுங்கள். அதுவே சரியில்லை என்றால், தெரியாததை எப்படி நம்புவது?

பதிவிலேயே தவறு இருக்கவும் வாய்ப்புண்டு. ஆண்டு தப்பாக இருக்கலாம், பெயர் பிழையாக இருக்கலாம். கண்ணில் பட்டால் நூலகரிடம் சொல்லுங்கள். நீங்கள் திருத்த வைக்கும் ஓர் எழுத்து, அடுத்து வருபவருக்கு அந்தப் புத்தகத்தைக் கிடைக்கச் செய்யும். பிழையான பதிவு உள்ள புத்தகம், தொலைந்துபோன புத்தகத்துக்குச் சமம்.

எங்கெல்லாம் தேடலாம்?

* நாகர்கோவில் மாவட்ட மைய நூலகம்: மாவட்டத்தில் உள்ளவர்கள் முதலில் அணுக வேண்டிய இடம். கிளை, ஊர்ப்புற நூலகங்களில் இல்லாததை இங்கே கேளுங்கள்.
* திருவனந்தபுரம் மாநில மத்திய நூலகம்: 1829-ல் தொடங்கியது. திருவிதாங்கூர் காலத்து நூல்களுக்கு நமக்குப் பக்கத்தில் உள்ள இடம்.
* கன்னிமாரா நூலகம், சென்னை: 1954-ம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி அனுப்பப்படும் நூலகங்களில் ஒன்று. ஒரு புத்தகத்தின் சரியான பெயர், ஆண்டை உறுதி செய்ய உதவும்.
* அண்ணா நூற்றாண்டு நூலகம், சென்னை (2010), கலைஞர் நூற்றாண்டு நூலகம், மதுரை (2023).
* ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், சென்னை: பழைய தமிழ் நூல்கள், இதழ்களுக்கு.
* தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம்: பல பழைய நூல்களை மொபைலிலேயே இலவசமாக வாசிக்கலாம்.

வெளியூர் நூலகத்தில் உள்ளது என்று தெரிந்தால் உடனே பஸ் ஏற வேண்டியதில்லை. ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, ஆண்டு, ஐ.எஸ்.பி.என். ஆகியவற்றை எழுதிக்கொண்டு உங்கள் நூலகரிடம் வாங்கித் தரும்படி பரிந்துரை செய்யலாம். 'தேனீ பத்தி நல்ல புக்கு வாங்குங்க சார்' என்பதைவிட இந்த ஐந்து விவரம் உள்ள சீட்டுக்கு மதிப்பு அதிகம்.

இதைக் கேட்கத் தயங்கவும் வேண்டாம். 1948-ல் வந்த பொது நூலகச் சட்டப்படி, நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. ஒரு ரூபாய்க்கு 10 காசு. அந்த அலமாரிகள் நம் காசில் நிற்பவை.

சுருக்கமாக: எடுக்கும் முன் 5 கேள்விகள்

1. எந்த வருஷம்? திருத்திய பதிப்பா, மறு அச்சா?
2. யாருக்காக எழுதியது? அறிமுகமா, கையேடா, ஆய்வா?
3. பொருள் தலைப்பில் என் தேவை இருக்கிறதா?
4. கிடைக்கவில்லை என்றால், வேறு பெயரில், வேறு எழுத்தில், பழைய ஊர்ப் பெயரில் தேடினேனா?
5. அதே எண்ணில் பக்கத்தில் என்னென்ன இருக்கின்றன?

இந்த ஐந்தையும் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. நம் தேனீக்காரர் அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழித்திருந்தால், அதே ரேக்கில் இருந்த நாலஞ்சில் '1985' என்று போட்டதை வைத்துவிட்டு, நோயைப் பற்றிச் சொல்லும் புதிய புத்தகம் இருக்கிறதா என்று பார்த்திருப்பார். இல்லையென்றால், அதை வாங்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருப்பார். பெட்டி வைப்பது அதற்குப் பிறகுதான்.